ஏற்காட்டுக் கல்லறையும் கஞ்சமலைக் கிட்டமும்

சேலம் அஸ்தம்பட்டியைக் கடந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள், லேடீஸ் சீட்டில் நின்று கீழே விரியும் சேலத்தைப் பார்ப்பார்கள், சேர்வராயன் கோவிலுக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள். 1853இல் கட்டப்பட்ட ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குள் நுழைகிறவர்கள் குறைவு. தமிழ் நிலத்தின் வரலாற்றைப் பல லட்சம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிய ஒரு மனிதரின் அஸ்தி அங்கேதான் இருக்கிறது. அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். அங்கேயே எரியூட்டினார்கள். பிறகு அஸ்தியை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் 1834இல் பிறந்தவருக்குத் தன் ஊர் என்று கடைசியில் அமைந்தது சேர்வராயன் மலை. 1858இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து 33 ஆண்டுகள் உழைத்தார். ஓய்வுக்குப் பின் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கும் பணியாற்றினார். அதற்கும் பிறகு ஏற்காட்டில் ஐவி காட்டேஜ் என்ற வீட்டில், தான் ஆயுள் முழுக்கச் சேர்த்த கற்களோடும் ஓடுகளோடும் வாழ்ந்தார்.

ஏற்காட்டை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் குடும்பக் காரணமும் உண்டு. அவருடைய மாமனார் பேர்சிவல் பாதிரியார் 1882இல் இதே மலையில்தான் காலமானார். யாழ்ப்பாணத்தாருக்கு அந்தப் பெயரைச் சொன்னால் போதும். வெஸ்லியன் சபையின் ஊழியராக யாழ்ப்பாணம் வந்து பள்ளி நடத்தி, அங்கே படித்து அங்கேயே ஆசிரியரான ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர் பீட்டர் பேர்சிவல். சென்னைக்கு வந்தபின் தினவர்த்தமானி என்ற இதழைத் தொடங்கினார், மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து ஆங்கில விளக்கத்தோடு அச்சிட்டார். மாமனார் தமிழ்ச் சொல்லைத் தேடித் தேடிச் சேர்த்தார். மருமகன் தமிழ் மண்ணுக்குள் கிடந்த கல்லைச் சேர்த்தார். இந்த இருவரின் கதையும் ஒரே மலையூரில் முடிகிறது என்பதைச் சேலத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறோம்?

ஃபூட் செய்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1863 மே 30. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் படைப் பயிற்சித் திடலின் அருகே சரளைக்காகத் தோண்டிய குழி ஒன்று. அங்கே கிடந்த ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். இரு பக்கமும் செதுக்கி, ஒரு முனையைக் கூர்மையாக்கி, மறுமுனையைக் கைப்பிடிக்கு விட்டிருந்த கல். வேறொருவர் கண்ணில் பட்டிருந்தால் அது உடைந்த கல்தான். ஃபூட்டுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருந்தன. நான்கே ஆண்டுகளுக்கு முன், பிரான்சின் சோம் ஆற்றுப் படிவுகளில் கிடைத்த இத்தகைய கற்கள் மனிதன் செய்தவையே என்று இங்கிலாந்து அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மற்றொன்று, அந்தக் கல் குவார்ட்சைட். பல்லாவரத்துக் குன்றுகளோ வேறு பாறை. வேற்றிடத்துக் கல் இங்கே எப்படி வந்தது, அதன் விளிம்பு ஏன் ஒழுங்காகச் செதுங்கியிருக்கிறது என்ற கேள்விகளைப் புவியியல் படித்த கண்தான் கேட்கும்.

அதே செப்டம்பரில், சக ஊழியர் வில்லியம் கிங்கோடு கொசஸ்தலை ஆற்றுப் படுகைக்குப் போனபோது அதிராம்பாக்கம் கிடைத்தது. இம்முறை கற்கருவிகள் மண்ணடுக்குக்கு உள்ளேயே புதைந்திருந்தன. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்ற அறிவு அன்று தொடங்கியது. அந்தக் கருவிகளின் வயதைச் சொல்ல ஃபூட்டிடம் வழியில்லை. அதற்கான அறிவியல் அப்போது பிறக்கவில்லை. அதே அதிராம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் ஆண்டுக்கணக்கில் அகழ்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, அடித்தட்டுக் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்றது. ஃபூட்டின் வாழ்க்கையைத் தேடி எழுதியவர்களில் முதன்மையானவரும் அதே சாந்தி பப்புதான். முன்னோடியின் குழியைத் தொடர்ந்து தோண்டியவர், முன்னோடியின் வாழ்க்கையையும் தோண்டி எடுத்தார். ஓர் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல நினைவுச் சின்னம் அமைவது அரிது.

இதில் சேலத்துக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். பல்லாவரத்துக் கல்லைக் கண்டெடுத்த அதே காலத்தில்தான் கிங்கும் ஃபூட்டும் சேலம், திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு பகுதிகளின் பாறை அமைப்பை அளந்துகொண்டிருந்தார்கள். அந்த அறிக்கை 1864இல் வெளிவந்தது. நாமக்கல் அன்று சேலம் மாவட்டத்துக்குள் அடங்கியது, பிரிந்தது 1997இல். நம் ஊர்க் கரடுகளையும் குன்றுகளையும் பாறையின் குணத்தை வைத்து முதலில் வகைபிரித்துப் பார்த்தவர்களில் ஃபூட்டும் ஒருவர்.

ஏற்காட்டுக் கருங்கல்லுக்கும் ஒரு கல்லறைக் கதை உண்டு. அந்தப் பாறையைப் புவியியலார் சார்னோக்கைட் என்கிறார்கள். கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஜோப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறையால் ஆனது. அதைப் பார்த்த புவியியலார் தாமஸ் ஹாலண்ட், பாறை வகைக்கே சார்னோக்கின் பெயரைச் சூட்டினார். சேர்வராயன் மலையின் உடம்பே அந்தப் பாறைதான். ஒரு வணிகரின் பெயரை இந்த மலை முழுக்கச் சுமக்கிறது. மலையைப் படித்தவரின் பெயரோ மலையடிவாரத்தில்கூடக் காதில் விழுவதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சேர்வராயன் மலையில் ஃபூட்டுக்குக் கிடைத்தவை புதிய கற்காலத்துக் கோடரிகள். செதுக்கியதோடு நில்லாமல், தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியவை. அவற்றைக் கண்டுபிடித்தவர் ஃபூட் என்று சொன்னால் பாதி உண்மைதான் ஆகும். இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் உழும்போது தட்டுப்பட்ட இந்தக் கற்களை எறிந்துவிடாமல், மரத்தடியிலும் சிறு கோவில்களிலும் சேர்த்து வைத்து வணங்கிவந்தார்கள். ஃபூட் தம் குறிப்புகளில் எழுதுவதும் இதைத்தான். யார் செய்தது, எப்போது செய்தது என்று தெரியாமலேயே, இது சாதாரணக் கல்லில்லை, மனிதக் கை பட்ட கல் என்று அந்த உழவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். அவர்கள் காத்த கற்களில்தான் ஃபூட்டின் படிப்பு நின்றது. தொல்லியல் சின்னத்தைப் பாதுகாக்கும் சட்டம் வருவதற்கு முன்பே நம் மலைக்கோவில்களில் அந்தப் பாதுகாப்பு நடந்துகொண்டிருந்தது.

ஃபூட் சேர்த்துக்கொடுத்தது வேறொன்று: இடக்குறிப்பு. எந்த ஊர், எந்த மேடு, எந்த ஓடைக்கரை என்று ஒவ்வொரு பொருளுக்கும் எழுதிவைத்தார். அவருடைய சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியது. அவர் எழுதிய பட்டியல் 1914இலும், பொருள்களின் காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916இலும் அச்சாயின. இரண்டும் அவர் மறைந்த பிறகு வந்தவை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சேர்வராயன் மலைக் கோடரிக்கு இன்று பொருள் இருக்கிறதென்றால், அதற்கு அந்த ஒருவரிக் குறிப்புதான் காரணம். இடம் தெரியாத கல் வெறும் அலங்காரப் பொருள். ஊர் பெயரோடு இருக்கும் கல் சாட்சி.

மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கினால் மேற்கே கஞ்சமலை தெரியும். சித்தர் கோவிலால் பேர்பெற்ற மலை, காந்த இரும்புத் தாதுவாலும் பேர்பெற்றது. அதன் அடிவாரத்தில் சேலம் உருக்காலை நிற்கிறது. உருக்காலைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரத்து இரும்பைப் பார்த்து வியந்து, தன் வாழ்க்கையையே அதில் வைத்து இழந்த ஆங்கிலேயர் ஒருவர் உண்டு: ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனி உத்தியோகத்தில் சேலம் வந்தவர். வேலையை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறை இரும்பு உலையை நிறுவினார். தாது சேலத்திலிருந்து போயிற்று. தொழில் நஷ்டத்தில் முடிந்தது. காடுகள் கரியாகித் தீர்ந்ததும், தாதுவையும் கரியையும் தொலைவிலிருந்து கொண்டுவரும் செலவும் அதற்குக் காரணங்கள்.

ஆனால் ஹீத் நமக்கு முக்கியமானவராவது அவருடைய உலையால் இல்லை. நம் கொல்லர்கள் உருக்குச் செய்ததை நேரில் பார்த்து அவர் எழுதிவைத்த வருணனையால்தான். தாதுவை இடித்துப் புடைத்து மண்ணை நீக்குவார்கள். சின்ன மண் உலையில் ஆட்டுத்தோல் துருத்தி வைத்து ஊதி இரும்பெடுப்பார்கள். அந்த இரும்பைத் துண்டுகளாக வெட்டி மண் மூசைக்குள் இடுவார்கள். கூடவே இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சி. மேலே எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்துக் காயவைத்து, இருபது இருபத்துநான்கு மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கி, இரண்டரை மணிநேரம் ஊதுவார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே உருக்குக்கட்டி.

ஆவாரையும் எருக்கும் சேலம், நாமக்கல் வறட்டுக் காட்டில் கேட்பாரற்று வளர்பவை. அவற்றின் கரிதான் இரும்பை உருக்காக்கியது. ஐரோப்பாவில் இரும்பை நாட்கணக்கில் கரியோடு வேகவைத்துச் செய்ததை இவர்கள் மூன்று மணிநேரத்துக்குள் முடித்துவிட்டார்கள் என்பதைக் கண்டு ஹீத் அசந்துபோனார். அந்த வருணனை 1839இல் லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இதழில் வந்தது. அதே ஆண்டு, உருக்கோடு மாங்கனீசும் கரியும் சேர்ந்த பொருளைக் கலந்தால் தரம் உயரும் என்ற தன் கண்டுபிடிப்புக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு உருக்குத் தொழில் அதனால் கொழித்தது. அவருடைய முகவராக இருந்தவரே மாங்கனீசு ஆக்சைடையும் கரித்தாரையும் தனித்தனியாகச் சேர்த்து அதே பலனை அடையும் மலிவான வழியைக் கண்டு, உரிமைத் தொகை தராமல் ஒதுங்கினார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிரபுக்கள் சபையின் இறுதித் தீர்ப்பு 1855இல் ஹீத்துக்கு எதிராக வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

சேலத்துக் கொல்லருக்கு எவரும் காப்புரிமை தரவில்லை. தங்கள் கலையை ஹீத்துக்கு ஒளிக்காமல் காட்டிய அந்த மனிதர்களின் பெயர்கள் அவருடைய கட்டுரையில் கிடையாது. ஆங்கிலேயர்களை நினைவுகூர்கையில் எப்போதும் நெஞ்சில் உறுத்தும் இடம் இது. பார்த்தவர் பெயர் நிலைத்தது. செய்தவர் பெயர் மறைந்தது. ஆகவே ஹீத்துக்கு ஒரு பலகை வைப்பதாக இருந்தால் அதைக் கஞ்சமலை அடிவாரத்தில், இரும்புக் கிட்டம் கிடக்கும் காட்டோரத்தில் வைக்க வேண்டும், பலகையின் முதல் வரி கொல்லரைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பேன். பெயர் தெரியாவிட்டாலும் தொழில் தெரியும்.

கிட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உலையிலிருந்து வழிந்து கட்டிப்போன கசடு அது. கறுப்பாக, குமிழ் குமிழாக, கைக்குக் கனமாக இருக்கும். உழவருக்கு அது ஏரை மழுக்கும் தொல்லை. தொல்லியலாருக்கோ உலை இருந்த இடத்தைக் காட்டும் அடையாளம். பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. மேட்டூர் வட்டாரத்துத் தெலுங்கனூர், மாங்காடு ஈமக்காடுகளில் கிடைத்த வாள்களும் இரும்பும் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டுக்குப் போகின்றன. ஹீத் பார்த்தது மூவாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு மரபின் கடைசி உலைகளை. அவர் எழுதியிராவிட்டால் ஆவாரங்குச்சி எவ்வளவு, மூசை எத்தனை என்று இன்று நாம் ஊகிக்க வேண்டியிருக்கும்.

எல்லா ஆங்கிலேயரையும் ஒரே வரிசையில் நிறுத்தி மாலையிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சங்ககிரி மலைக்கோட்டையில் தீரன் சின்னமலையை 1805இல் கம்பெனி தூக்கிலிட்டது. ஆடி பதினெட்டில் மக்கள் திரண்டு அவருக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். அதுவே அந்தக் கோட்டைக்குப் பொருந்தும் நினைவு. 1792இல் திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் கம்பெனியின் கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்தார்கள். வயல் வயலாக அளந்து விதித்த அந்த வரியிலிருந்துதான் ரயத்துவாரி முறை வளர்ந்தது. அந்தக் கணக்குகள் நம் ஊர்களின் இருநூறு ஆண்டுக்கு முந்தைய பயிரையும் கிணற்றையும் சொல்லும் ஆவணம். கட்டாயம் காக்க வேண்டும். ஆனால் வரி வாங்க வந்தவருக்கு நன்றி சொல்லும் கடமை உழவனுக்கு இல்லை. அதிகாரம் செலுத்தியவரின் ஆவணத்தைக் காப்போம். அறிவு தந்தவரின் நினைவையும் காப்போம். என் அளவுகோல் இதுதான்.

இந்த அளவுகோலைத் தமிழ் மக்கள் வெகுகாலமாகவே கைக்கொண்டிருக்கிறார்கள். முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக்குக்குத் தேனி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு படம் உண்டு, பொங்கல் உண்டு. லோயர் கேம்பில் அரசு மணிமண்டபம் கட்டியது. 2022இல் இங்கிலாந்தின் கேம்பர்லியிலேயே அவருக்குச் சிலை வைத்தது. சிந்துவெளியை உலகுக்கு அறிவித்த ஜான் மார்ஷலுக்குச் சென்னையில் சிலை வைக்க 2025 தொடக்கத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. தண்ணீர் தந்தவரை வணங்கினோம். சிந்துவெளியைக் காட்டியவரைப் போற்றினோம். தமிழ் மண்ணின் முதல் மனிதத் தடயத்தைக் காட்டியவருக்கு அவர் உறங்கும் மாவட்டத்திலேனும் ஓர் இடம் வேண்டாமா?

சிலை வேண்டும் என்பது என் கோரிக்கை இல்லை. லண்டனில் 1867இலிருந்து ஒரு வழக்கம் உண்டு. பேர்பெற்றவர் வாழ்ந்த வீட்டுச் சுவரில் வட்டமான ஒரு பலகை. பெயர், ஆண்டு, செய்த வேலை. அவ்வளவுதான். இன்று நீலநிறப் பலகைகளாக நகரம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. மனிதர் இறந்து 20 ஆண்டு கழிந்திருக்க வேண்டும், அவரோடு தொடர்புடைய கட்டடம் நின்றிருக்க வேண்டும் என்ற விதிகளைக் கடைப்பிடிக்கிறார்கள். தெருவில் நடக்கும் சிறுவன் அண்ணாந்து பார்த்து ஒரு பெயரைத் தெரிந்துகொள்கிறான். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஏற்காட்டுத் தேவாலய வாயிலில், சபையாரின் சம்மதத்தோடு, தமிழில் அப்படி ஒரு பலகை வைக்கலாம். ஃபூட் பெயரோடு பேர்சிவல் பாதிரியார் பெயரும் அதில் இருக்கட்டும். சேலம் அரசு அருங்காட்சியகத்தில் எழும்பூரின் சேர்வராயன் மலைக் கோடரிகளுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி ஒதுக்கி, அசல் தர முடியாவிட்டால் அச்சு எடுத்தேனும் வைக்கலாம்.

பலகையைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. ஃபூட் படித்த மண்ணே போய்க்கொண்டிருக்கிறது. மலையில் மனை பிரிக்கிறார்கள், விடுதி கட்டுகிறார்கள். சமவெளியில் கரடுகள் ஜல்லியாகின்றன. பழைய ஈமக்காட்டின் ஒரு கல்வட்டத்தைப் பொக்லைன் புரட்ட அரை நாள் போதும். ஒரு கிட்டமேடு செங்கல் சூளைக்கு மண்ணோடு போய்விடும். 1966இலிருந்து தமிழ்நாட்டுக்கென்று தொல்லியல் சட்டம் உண்டு. மரபுச் சின்னங்களுக்கென்று 2012இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டது. அறிவிக்கப்பட்ட சின்னத்தைத்தான் சட்டம் காக்கும். அறிவிக்கப்படாத ஈமக்காட்டுக்கு ஊர்தான் காவல். முன்பு மலைக்கோவில்களில் கோடரிகளைக் காத்ததும் ஊர்தானே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை ஏற்காட்டுக்குச் சுற்றுலா அழைத்துப் போகும்போது தேவாலயத்தில் ஒரு கால்மணி நேரம் நில்லுங்கள். ஃபூட் யாரென்று சொல்லுங்கள். பிள்ளைகள் தங்கள் காட்டில் வழவழப்பான கல்லையோ, கறுத்த கிட்டத்தையோ, வட்டமாக நட்ட பாறைகளையோ பார்த்தால் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாமல், எந்த ஊர், எந்தக் காடு, கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று ஒரு நோட்டில் குறித்து மாவட்டத் தொல்லியல் அலுவலருக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். இடத்தைக் குறித்துவைப்பதில் ஃபூட் செய்ததும் அதுதான்.